ஒரு துண்டுப் பல்பம்

வாசலுக்குத் தண்ணீர் தெளித்ததுதான் வினையாகப் போயிற்று. பந்தலுக்குக் கீழே புழுதி பறக்கிறது, வந்திருப்பவர்களின் பட்டுச் சேலையெல்லாம் பாழாகிவிடும் என்று யாரோ ஒருத்தி குடத்துத் தண்ணீரை விசிறி அடித்துவிட்டுப் போக, வெயிலில் காய்ந்து கிடந்த செம்மண்ணிலிருந்து அந்த வாசனை கிளம்பி, கன்னத்தில் சந்தனமும் கழுத்தில் மாலையுமாக நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டிருந்த கோகிலவாணியின் மூக்கில் நேராக ஏறிவிட்டது. வாயெல்லாம் எச்சில். விழுங்கினாள். மறுபடி ஊறியது. எதிரே மேசையில், அவளுடைய அம்மா வீட்டிலிருந்து வேன் பிடித்துக் கொண்டுவந்த கட்டுச்சோறு வரிசையாகத் திறந்து வைக்கப்பட்டிருந்தது. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, எள்ளுச்சோறு, நெய் ஒழுகும் சர்க்கரைப் பொங்கல். அதைப் பார்த்துத்தான் எச்சில் விழுங்குகிறாள் என்று நினைத்துக்கொண்ட பெரியம்மா, "பாரு, புள்ளைக்கு இப்பவே நாக்கு ஊறுது. பொறு கண்ணு, வளையல் போட்டு முடிஞ்சதும் ஊட்டிடலாம்" என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கோகிலவாணியும் சிரித்து வைத்தாள். ஊறுவது சோற்றுக்கு இல்லை பெரியம்மா, மண்ணுக்கு என்று இந்தச் சபையில் சொன்னால் எப்படியிருக்கும். பெரியம்மா அப்படியே மயங்கி விழுவாள், அவளுக்கும் சேர்த்துத் தண்ணீர் தெளிக்க வேண்டியிருக்கும். இடது கை தன்னால் முந்தானை நுனியைத் தேடிப் போயிற்று. முடிச்சு பத்திரமாக இருந்தது. முடிச்சுக்குள் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு துண்டு பல்பம். பிள்ளைகள் சிலேட்டில் அ, ஆ எழுதுகிற அதே பல்பம்தான்.

ஆசைப்பட்டதைத் தின்னக் கொடுப்பதற்காகத்தான் இந்தக் கட்டுச்சோறே. வயிற்றுப் பிள்ளைக்காரி ஆசையை அடக்கினால் பிறக்கிற பிள்ளைக்குக் காது ஒழுகும் என்பார்கள், அதற்காக இத்தனை வகை, இத்தனை பேர், கேமராக்காரர் வேறு. பெற்றவள் ஏழாம் மாதம் சோறு கட்டிக்கொண்டு வந்து, மகளுக்கு ஊட்டி, வந்தவர்களுக்கும் போட்டு, கையோடு மகளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவாள். இன்னும் கொஞ்ச நேரம்தான். வளையல், ஆரத்தி, சோறு, பிறகு வேன், பிறகு காங்கேயம். அம்மா சாந்தாமணி அதோ ஒவ்வொருத்தர் கையிலும் வளையலைத் திணித்து நீங்க போடுங்க, நீங்க போடுங்க என்று தள்ளிவிட்டுக்கொண்டிருக்கிறாள். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. அவளுக்கு மகள் வாயில் வருவதெல்லாம் வேதம். அங்கே போய்விட்டால் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள் என்று கோகிலவாணி போன வாரம் வரைக்கும் நிம்மதியாகத்தான் இருந்தாள். ஆசுபத்திரிச் சீட்டைக் கேட்க மாட்டார்கள், மாத்திரை தின்றாயா என்று வாயைப் பார்க்க மாட்டார்கள். யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். இன்றைக்கு அதே வார்த்தை வேறு மாதிரி கேட்கிறது. உள்ளேயிருந்து இந்த வாசலுக்கு வர ஒரே ஒரு படி. அந்தப் படி இறங்கியதற்கு நெஞ்சு அடித்த அடி இன்னும் அடங்கவில்லை. காதுக்குள் யாரோ உரலில் இடிப்பது போல. வெயில்தான். பட்டுச் சேலை கனம். மாலை கனம். வயிறு கனம். இத்தனை கனத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தால் யாருக்குத்தான் மூச்சு வாங்காது. போன மாதம் சேலையும் இல்லை மாலையும் இல்லை, நைட்டியோடு துணி காயப்போடப் போனபோதும் வாங்கியதே. அது வெயில். சாயங்காலம் அல்லவா அது. சாயங்காலத்திலும் புழுக்கம் இருக்கும். இருக்கும்தான்.

ஆரம்பத்தில் எல்லாம் நேராகத்தான் நடந்தது. மசக்கை வந்ததும் மாங்காய் கேட்டது, கொடுத்தாள். பிறகு வெறும் அரிசி கேட்டது, அரிசிப் பானைக்குள் கைவிட்டுக் கைவிட்டு ஒரு பிடி, இரண்டு பிடி. பிறகு மளிகைக் கடையில் உப்பு வாங்க நின்றபோது கண்ணாடி பாட்டில்களுக்குப் பின்னால் அந்தச் சின்ன அட்டைப் பெட்டி கண்ணில் பட்டது. வெள்ளை வெள்ளையாகப் பல்பம். ஒன்றாம் வகுப்பில் முனையைக் கடித்துத் துப்பியது ஞாபகம் வந்ததும், பின்கழுத்து சிலிர்த்ததும், பக்கத்து வீட்டுப் பையனுக்கு என்று கடைக்காரர் கேட்காமலே அவரிடம் ஒரு பொய்யைச் சொல்லி வாங்கியதும் ஒரே மூச்சில் நடந்துவிட்டன. முதல் கடி. நறுக்கென்று ஒரு சத்தம், அது பல்லில் ஆரம்பித்து மண்டை வரைக்கும் போயிற்று. பிறகு மாவு. நாக்கில் ஒட்டிக்கொண்டு, மழை பெய்து ஓய்ந்த சுவரை நக்கியது போல ஒரு ருசி. கண்ணை மூடிக்கொண்டாள். உலகத்தில் எந்த அல்வாவும் அவளை அப்படிக் கண்ணை மூட வைத்ததில்லை. பிள்ளைக்கு எலும்பு வளர்கிறது, உடம்பு சுண்ணாம்பு கேட்கிறது, கேட்பதைக் கொடுக்கிறோம், அவ்வளவுதானே. அன்றைக்கு இப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவள் நடத்துகிற இயற்கை உணவுக் குழுவில் இருக்கிற பெண்களுக்கும் இதையே கொஞ்சம் பூசி மெழுகி எழுதினாள், உங்கள் உடம்பு விநோதமாக எதையாவது கேட்டால் பயப்படாதீர்கள், அது தனக்கு என்ன வேண்டும் என்று அறியும் என்று. பல்பம் என்ற சொல்லை மட்டும் போடவில்லை. ஏன் போடவில்லை. நல்லதுதான் என்றால் பெயர் சொல்ல வேண்டியதுதானே. கழிப்பறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் கடிக்கிற சத்தம் கேட்காமல் தின்பானேன்.

"கொஞ்சம் சிரிங்க அக்கா" என்றார் கேமராக்காரர். சிரித்தாள். வலது கையை யாரோ எடுத்துக்கொண்டார்கள். கணவனின் அக்கா கவுசல்யா. பச்சையும் சிவப்புமாக வளையலை அவள் ஒவ்வொன்றாக அழுத்தி ஏற்ற, கை தானாகக் கூசியது. கை கூசுவது வளையலுக்கு இல்லை. கவுசல்யாவின் இதே கைதான் அன்றைக்கு ஆசுபத்திரிக் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது. கல்யாணமான மறுவருசம், நாலாம் மாதம், எல்லாம் கலைந்து போய் வெறும் வயிற்றோடு அவள் படுத்திருந்தபோது, "என்ன தின்னே" என்று கவுசல்யா கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, ஜுரம் வந்தவளிடம் நனைந்தாயா என்று கேட்பதைப் போலத்தான் கேட்டாள். கோகிலவாணிக்கும் பொய் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. பொறக்கடை மரத்தில் பழுத்திருந்தது, ஆசையாக இருந்தது, பப்பாளி ரெண்டு துண்டு தின்றேன் என்றாள். அவ்வளவுதான். டாக்டரம்மா வந்து, இந்த மாதிரி பல பேருக்கு ஆகும், இன்ன காரணம் என்று சொல்ல முடியாது, பழத்தால் இல்லை என்று தலைதலையாக அடித்துக்கொண்டார். யார் காதில் ஏறியது. பப்பாளி தின்னவள் என்கிற பெயர் அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தது. மாமியார் பொன்னாத்தாள் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் விடிந்ததும் ஆளைக் கூப்பிட்டு அந்தப் பப்பாளி மரத்தை வேரோடு வெட்டிப் போட்டாள். நாலு பேர் திட்டியிருந்தால்கூட இவ்வளவு நாள் தங்கியிருக்காது. படுத்த இடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள், கோடாலி சதசதவென்று இறங்கிய சத்தத்தை. பப்பாளி மரத்துக்கு வைரம் கிடையாது, வெட்டினால் மரம் வெட்டுகிற சத்தமே வராது.

அதற்கப்புறம் தன் வாயை நம்புவதை அவள் விட்டுவிட்டாள். பசித்தால் பயம், எதையாவது பார்த்து ஆசை வந்தால் அதைவிடப் பயம். அந்த வருசம் முழுக்க அவள் தின்றதெல்லாம் மற்றவர்கள் தட்டில் போட்டதுதான். தோழி ஒருத்தி வற்புறுத்தி இயற்கை உணவு முகாமுக்கு அழைத்துப் போனபோதும், மற்றொரு இடத்தில் மற்றொருவர் சொல்வதைத் தின்னப் போகிறோம் என்றுதான் போனாள். மரத்தடியில் கதர்த் துண்டு போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அய்யா என்றார்கள். பெரிய விஷயம் எதுவும் பேசவில்லை. பசித்தால் தின்னுங்கள், தாகம் எடுத்தால் குடியுங்கள், உடம்பு கேட்பதைக் கொடுங்கள், மனுசன் பொய் சொல்வான், உடம்பு பொய் சொல்லாது என்றார். கோகிலவாணி அந்த இடத்திலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பக்கத்திலிருந்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள். அவளுக்குக் கேட்டது வேறு. நீ ஆசைப்பட்டது குற்றம் இல்லை, உன் நாக்கு கொலைகாரி இல்லை என்று அவளுக்குக் கேட்டது. டாக்டரம்மா சொன்னதும் கிட்டத்தட்ட இதுவேதான், ஆனால் அவர் சீட்டு எழுதிக்கொண்டே சொன்னார், இவர் கண்ணைப் பார்த்துச் சொன்னார். அன்றிலிருந்து அந்த ஒரு வாக்கியத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள். கம்பு, தினை, பச்சைக் காய், முளைப் பயறு. குழு ஆரம்பித்தாள். கணவன் பூபதிக்கு எதிலும் தகராறு கிடையாது, அவள் போடுகிற தினைப் பொங்கலையும் தின்பான், வெளியே போய் பரோட்டாவும் தின்பான். இந்தப் பிள்ளை தங்கியபோது, பாருங்கள், என் உடம்பு என்னைக் கைவிடவில்லை என்று ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும் போல இருந்தது. குழுவிலாவது சொன்னாள்.

இந்தப் பிள்ளைக்காகப் பரிசோதனைக்குப் போனபோது ஆசுபத்திரியில் ஒரு சிஸ்டர் அவளுடைய கண் கீழ் இமையைக் கட்டை விரலால் இழுத்துப் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். "ரத்தமே இல்லையேம்மா. என்ன சாப்பிடறீங்க" என்றாள். மறுபடி அதே கேள்வி, என்ன தின்னே. கோகிலவாணிக்குள் ஏதோ படாரென்று சாத்திக்கொண்டது. சத்தாத்தான் சாப்பிடறேன் என்றாள் விறைப்பாக. இரும்புச் சத்துக்கான சிவப்பு மாத்திரை அட்டை அட்டையாகக் கொடுத்தார்கள், கொஞ்ச நாள் கழித்து மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், கட்டாயம் வரணும் என்றார்கள். வீட்டுக்கு வந்து ஒரு மாத்திரையை நாக்கில் வைத்தாள். துருப்பிடித்த ஆணி. உடம்பு குமட்டித் தள்ளியது. தள்ளுகிறதே, வேண்டாம் என்கிறதே, அப்புறம் எப்படித் திணிப்பது. ஒவ்வொரு நாளும் மாத்திரையைப் பிரித்துக் கையில் எடுத்துக்கொண்டு, முழுங்கப் போகிறவள் போலப் பொறக்கடைக்குப் போய், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் கறிவேப்பிலைச் செடியின் அடியில் விரலால் குத்திப் புதைத்தாள். பப்பாளி மரம் நின்ற இடத்தில் மாமியார் வைத்த செடி. அந்த இடத்தில் வேறு எதையும் புதைக்கிற தைரியம் யாருக்கு வரும், அவளுக்கு வந்தது. செடி என்னமாய் வளர்ந்தது. இலை கருகருவென்று, எண்ணெய் தடவினது போல. கோகிலா கைராசி என்று மாமியார் பக்கத்து வீட்டுக்காரிகளுக்குக் கொத்துக் கொத்தாக ஒடித்துக் கொடுத்தாள். இரத்தம் எடுக்கிற நாள் வந்தது, போயிற்று. அம்மா வீட்டுக்குப் போய் அங்கே பார்த்துக்கொள்கிறேன் என்றாள் பூபதியிடம். சரி என்றான். அவன் எதற்குத்தான் சரி என்று சொல்லவில்லை. இப்போது பந்தலுக்கு அந்தப் பக்கம் ஆண்களோடு நின்றுகொண்டு இவளைப் பார்த்து, நல்லாருக்குது என்று கையால் சைகை காட்டுகிறான்.

கையைப் பார்த்தாள். நேற்று எல்லோருக்கும் சேர்த்துத்தான் மருதாணி அரைத்தார்கள். உள்ளங்கையில் பிடித்திருக்கிறது, நன்றாகவே பிடித்திருக்கிறது. மருதாணி படாத கட்டை விரல் நகம் மட்டும் வெளுத்து, காகிதத்தை வெட்டி ஒட்டினது போல இருக்கிறது. பக்கத்தில் வளையல் ஏற்றுகிற கவுசல்யாவின் நகம் ரோஸ் நிறம். சாயம் இல்லை, அது இயற்கை. இயற்கை. இந்தச் சொல்லை எத்தனை தடவை எழுதியிருப்பாள். சரி, ஒத்துக்கொள்வோம், ரத்தம் இல்லை. அப்படியென்றால் உடம்பு அல்லவா கேட்டிருக்க வேண்டும், எனக்கு ரத்தம் வேண்டும், முருங்கைக் கீரை கொடு, ஈரல் கொடு என்று. கேட்கவில்லையே. பல்பம்தானே கேட்டது. அப்படியானால் உடம்பு பொய் சொல்கிறது. உடம்பு பொய் சொல்லும் என்றால் அன்றைக்குப் பப்பாளி கேட்டதும் பொய். பொய்க்கு ஆசைப்பட்டு இவள்தான் தின்றாள். இவள்தான் கொன்றாள். இல்லை, இல்லை, உடம்பு பொய் சொல்லாது. அப்படியென்றால் பல்பம் நல்லது. பல்பம் நல்லதென்றால் ஏன் ஒரு படி இறங்கினால் காதுக்குள் உரல் இடிக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் சுற்றிக்கொண்டு அந்த வெட்டுப்பட்ட மரத்தடியில் வந்து நிற்கிறது. ஒரு பிள்ளையைக் காப்பாற்றப் போனால் போன பிள்ளைக்குக் குற்றவாளியாக வேண்டும். போன பிள்ளைக்குக் குற்றமில்லை என்று சாதித்தால் இருக்கிற பிள்ளை. அதற்கு மேல் அந்த வாக்கியம் ஓடவில்லை. அவள் ஓட விடவில்லை.

வளையல் சத்தம் பிள்ளைக்குக் கேட்குமாம். கையை வயிற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மெதுவாகக் குலுக்கினாள். காத்திருந்தாள். நேற்றும் கொஞ்சம் மந்தமாகத்தான் இருந்தது. தூங்கும். தூங்குகிற நேரமாக இருக்கும். மறுபடி குலுக்கினாள். பெண்கள் ஆரத்தித் தட்டைத் தேடி உள்ளே போன சமயம், எல்லார் கண்ணும் வாசல் நிலைப் பக்கம் திரும்பியிருந்தது. அந்த இடைவெளியில் இடது கை முடிச்சை அவிழ்த்துவிட்டது. நகத்தால் ஒரு துணுக்கை ஒடித்தாள், கைக்குட்டையால் வாயைத் துடைப்பவள் போல உள்ளே தள்ளினாள். நறுக். யாருக்கும் கேட்கவில்லை, அவளுக்கு ஊரே கேட்டிருக்கும் போல இருந்தது. பிறகு மாவு. பிறகு அந்தச் சுகம், தோள் வரைக்கும் இறங்குகிற சுகம், பிறகு அது தீர்ந்ததும் பின்னாலேயே வருகிற பயம். முன்பெல்லாம் பயம் வர நேரம் பிடிக்கும். இப்போது சுகமும் பயமும் கைகோர்த்துக்கொண்டே வருகின்றன. வயிற்றுக்குள் ஏதோ லேசாக நகர்ந்தது. இருக்கிறாயா சாமி, இருக்கிறாய். என்னத்தைத் தின்கிறாய் உள்ளே. நான் கொடுப்பதைத்தானே.

"அக்கா, இவன மடியில வெச்சுக்கங்க. ஆம்பளப் புள்ளைய வெச்சா நல்லதுன்னு சொல்றாங்க" என்று பக்கத்து வீட்டு நதியா தன் கைக்குழந்தையைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். உனக்கும் ஆண் பிறக்கட்டும் என்கிற ஆசீர்வாதம். எதுவானாலும் பிறந்தால் போதும் என்று கோகிலவாணி நினைத்துக்கொண்டாள். குழந்தைக்குப் பால் நேரம் தாண்டிவிட்டது போல, மடியில் போட்ட உடனே தலையை அங்குமிங்கும் திருப்பிற்று. வாயைக் குவித்துக்கொண்டு பட்டுச் சேலையை முட்டியது. சரிகை. மாலையை முட்டியது. சம்பங்கிப் பூ. கடைசியில் அணைத்திருந்த அவளுடைய இடது கை விரல் கன்னத்தில் பட்டதும் கப்பென்று கவ்விக்கொண்டு சப்ப ஆரம்பித்தது. அடேயப்பா, என்ன வேகம். கண்ணை மூடிக்கொண்டு சப்பியது. அந்தக் கண் மூடலைப் பார்த்ததும் கோகிலவாணிக்கு உடம்பு முழுக்க ஒரு தரம் தூக்கிப் போட்டது. அதே கண் மூடல். கழிப்பறையில் குழாய்ச் சத்தத்துக்கு நடுவே அவள் மூடுகிற கண். விரல் நுனியில் ஒட்டியிருந்த வெள்ளை மாவு ஞாபகம் வந்து வெடுக்கென்று கையை இழுத்தாள். குழந்தை வீரிட்டது. நதியா சிரித்துக்கொண்டே வாரி எடுத்தாள். "பசிக்கு விரலச் சப்புது பாருங்க்கா. மூணு நிமிசம் சப்பும், ஒண்ணும் வர்லீன்னா இப்பிடித்தான் ஊரக் கூட்டும்" என்று சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். அழுகை சட்டென்று நின்றது. மடக் மடக்கென்று விழுங்குகிற சத்தம் வந்தது.

கோகிலவாணி ஈரமான விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது பொய் சொல்லவில்லை. விரலைச் சப்பியபோதும் அந்தக் குழந்தை பொய் சொல்லவில்லை. பசி நிஜம். பசித்த வாய்க்கு எது முதலில் தட்டுப்படுகிறதோ அதைக் கவ்விக்கொள்ளும், சேலையை, பூவை, விரலை. விரலைச் சப்பியதால் அது கேட்டது விரல் என்று ஆகிவிடுமா. அவளுடைய உடம்பும் கேட்டது எதையோ. வாயில் அகப்பட்டது பல்பம். எத்தனை மாதமாக இது உள்ளே ஊரைக் கூட்டிக்கொண்டிருக்கிறது, இவள் விரலை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டு, பார், எவ்வளவு ஆசையாகச் சப்புகிறது என்று குழுவில் எழுதிக்கொண்டிருக்கிறாள். அப்படியானால் அந்தப் பப்பாளி. பப்பாளி வெறும் பப்பாளி. பழம் பழுத்திருந்தது, ஆசை வந்தது, தின்றாள், பிள்ளை போயிற்று, இவை பக்கத்தில் பக்கத்தில் நடந்தன. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டது மற்றவர்கள் மட்டும் இல்லை, அவளும்தான். முடிச்சு அவிழ்ந்ததா என்றால் இல்லை. இத்தனை வருச முடிச்சு ஒரு விரலில் அவிழ்ந்துவிடாது. ஆனால் இளகிற்று. மூச்சுவிடக் கொஞ்சம் இடம் கிடைத்தது, அந்த இடத்தில் பயம் மொத்தமாக வந்து உட்கார்ந்தது, இந்த முறை சுத்தமான பயம், வேறு எதுவும் கலக்காத பயம். சொல்லிவிட வேண்டும். இன்றைக்கே. வேனில் ஏறினால் முடிந்தது, அம்மா நீ சொன்னாச் சரி கண்ணு என்பாள், பூபதி சரி என்பான், எல்லோரும் சரி சரி என்று சொல்லிச் சொல்லியே.

ஆரத்தி சுற்றினார்கள். ஊட்ட ஆரம்பித்தார்கள். அம்மா புளிச்சோறு ஒரு வாய், கண்ணில் நீரோடு. பெரியம்மா பொங்கல் ஒரு வாய். கவுசல்யா தேங்காய்ச்சோறு. எல்லாவற்றையும் கன்னத்தில் அடக்கி அடக்கி, தண்ணீரோடு தள்ளினாள். நெஞ்சில் கல் கல்லாக நின்றது. கடைசியாகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாமியார் வந்தாள். கையில் ஒரு சின்னக் கிண்ணம். "தயிர்ச்சோறு. வழியில புளிச்சுப்போகும்னு இதைய மட்டும் இங்கயே தாளிச்சேன். நீ எதையுந்தான் தின்ன மாட்டேங்கற, ரெண்டு மாசமா பாத்துட்டுத்தான் இருக்கறேன். இதாவது எறங்குதா பாரு" என்றாள். ரெண்டு மாசமா பாத்துட்டுத்தான் இருக்கிறாளாமே. கோகிலவாணி நிமிர்ந்து பார்த்தாள். பொன்னாத்தாளின் முகம் எப்போதும் போலத்தான் இருந்தது, கோபமா பாசமா என்று கண்டுபிடிக்க முடியாத முகம். ஒரு கவளம் உருட்டி வாய்க்கு நேரே கொண்டுவந்தாள். கேமராக்காரர் குனிந்தார்.

"அத்தை, எனக்குச் சோறு வேண்டாமுங்க" என்றாள் கோகிலவாணி. குரல் அவளுடையதாகவே இல்லை. "நான் பல்பந்தானுங்க தின்னுட்டு இருக்கறேன்."

கை அந்தரத்தில் நின்றது. "எந்தப் பல்பம்?"

"சிலேட்டுல எழுதறதுங்க. தெனமும். ஆசுபத்திரி மாத்திரை ஒண்ணுகூட முழுங்குலீங்க. எல்லாத்தையும் கருவேப்பலைச் செடிக்கடியில பொதச்சுட்டேன்." ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. "நெஞ்சு அடிச்சுக்குதுங்க அத்தை. ஒரு படி எறங்க முடியறதில்ல. புள்ள நேத்துலேர்ந்து மந்தமா இருக்குது. பப்பாளியாட்ட இதுவும் ஆயிருமுங்களா?"

பந்தலில் பேச்சு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். கவுசல்யா தலையைக் குனிந்துகொண்டாள். கேமராக்காரர் எதையோ புரிந்துகொண்டு கேமராவை இறக்கினார். பொன்னாத்தாள் அவளையே பார்த்தாள். "பப்பாளியாலதான்னு உங்கிட்ட ஆரு சொன்னா?"

"நீங்கதானுங்களே மரத்த வெட்டுனீங்க."

"வெட்டுனேன்" என்றாள் மாமியார். "பொறக்கடைக்குப் போறப்பெல்லாம் அதைய அண்ணாந்து பாத்துட்டு நீ நிப்பியேன்னு வெட்டுனேன். இன்னொருக்கா அதைய நீ பாக்க வேண்டாம்னு. ஏன் வெட்டுனீங்கன்னு ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டியா நீ?"

கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஒரே அடுப்படியில் இத்தனை காலம். கோகிலவாணிக்கு அழுகை வரும் போல இருந்தது, அழுகிறதற்குக்கூட மூச்சு போதவில்லை. பொன்னாத்தாள் அதற்குள் திரும்பி, குரலை உயர்த்தாமலே, "கவுசல்யா, உன்ற தம்பியக் கூப்புடு. காங்கேயமெல்லாம் அப்பறம். இப்பவே ஆசுபத்திரிக்குப் போகோணும். வந்திருக்கற ஒரம்பரைய நான் பாத்துக்கறேன்" என்றாள். சொல்லிவிட்டுத்தான் கையில் இன்னும் சோறு இருப்பதைக் கவனித்தாள். உருட்டிய கவளத்தின் மேல் கறிவேப்பிலை இரண்டு, கருகருவென்று ஒட்டிக்கொண்டிருந்தன. அதையே சற்று நேரம் பார்த்தாள்.

"அதான இத்தன கருப்பாத் தழைஞ்சுது" என்றாள். "உன்ற கைராசின்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

கவளம் வாய்க்கு வந்தது. கோகிலவாணி வழக்கம் போல நாக்கால் கறிவேப்பிலையை ஓரமாக ஒதுக்கப் போனாள். "ஒதுக்காத. மென்னு முழுங்கு" என்றாள் மாமியார், கையை வாயிலிருந்து எடுக்காமல். பந்தலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பூபதி செருப்பைக்கூடப் போடாமல் ஓடி வருவது தெரிந்தது. இலை பல்லில் சிக்கி, நார் நாராகக் கசந்தது. உடம்பு இதைக் கேட்கவில்லை. அவள் மென்றாள்.